எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

போன மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் மிகவும் கோபமாகப் பேசினார். "எல்லை தாண்டி வந்தவர்கள் நம் ஊர் வேலையை எல்லாம் பறித்துக்கொண்டுவிட்டார்கள் சார். ரேஷன் அவர்களுக்கு, ஆஸ்பத்திரி அவர்களுக்கு. வரி கட்டுவது மட்டும் நாம்" என்றார். சுற்றி நின்றவர்களில் பலர் தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே நண்பர் வேறொரு குறையைச் சொன்னார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் பத்து நாளாக வரவில்லையாம். வங்காளம் பேசுகிற பெண். போலீஸ் விசாரணை என்று கேள்விப்பட்டுப் பயந்து ஊருக்குப் போய்விட்டாளாம். புதிதாக வந்து பார்த்தவள் இரண்டு மடங்கு சம்பளம் கேட்கிறாளாம்.

நண்பரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய இரண்டு பேச்சும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பது எனக்கு அப்போதே பட்டது. ஆனால் அன்று நான் வாய் திறக்கவில்லை. வடகிழக்கில் பல வருடம் ரயில் பாதை வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் எழுதிச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டுவது சட்டப்படி குற்றம். யார் உள்ளே வரலாம், எவ்வளவு நாள் தங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது வேறு கேள்வி. இப்படி வருகிறவர்களால் நம் பொருளாதாரத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

எத்தனை பேர் என்று கேட்டால் அங்கேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. 2004 ஜூலையில் மத்திய உள்துறை இணை அமைச்சராக இருந்த ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால், நாட்டில் 1 கோடியே 20 லட்சம் வங்கதேசத்தவர் சட்டவிரோதமாக இருக்கிறார்கள், அதில் 50 லட்சம் பேர் அசாமில் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சில நாளிலேயே அந்தக் கணக்கு நம்பத்தகுந்தது அல்ல என்று அவரே பின்வாங்கினார். 2016-இல் அதே பொறுப்பில் இருந்த கிரண் ரிஜிஜு 2 கோடி என்றார். அசாமில் ஒவ்வொரு குடும்பத்தின் காகிதத்தையும் சரிபார்த்துத் தேசியக் குடிமக்கள் பதிவேடு தயாரித்தார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்து 6 ஆயிரம் பேர் விடுபட்டிருந்தார்கள். விடுபட்டவர்கள் அத்தனை பேரும் வெளிநாட்டவர் என்றும் அதற்குப் பொருள் இல்லை. தீர்ப்பாயத்தில் முறையிட அவர்களுக்கு வழி உண்டு. ஆகவே "இவர்களால் நாட்டுக்கு இத்தனை கோடி நஷ்டம்" என்று யாராவது ஒரு தொகையைச் சொன்னால், தலைக்கணக்கே தெரியாதபோது ரூபாய்க் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மைமன்சிங் பக்கத்து விவசாயிகள் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்குக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அது ஒரே நாடு. கல்கத்தா ஆலைகளுக்குச் சணல் வேண்டும், சர்க்காருக்கு நிலவரி வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசே அவர்களை வரவேற்றது. உள்ளூர்க்காரர்களின் நிலம் கைமாறத் தொடங்கியதும், 1920 வாக்கில், வந்தவர்கள் இந்தக் கோட்டுக்கு அப்பால் குடியேறக் கூடாது என்று 'லைன் சிஸ்டம்' கொண்டு வந்தார்கள். அப்புறம் 1947. அப்புறம் 1971. அந்த ஆண்டு ஏறத்தாழ 1 கோடி அகதிகள் நம் நாட்டுக்கு வந்தார்கள். தபால்களில் 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால் தலை கூடுதலாக ஒட்டியது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அகதிகளில் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பின்னும் வேலை தேடி வந்தவர்களைப் பற்றித்தான் 1979 முதல் ஆறு வருடம் அசாம் கொந்தளித்தது. 1985 ஆகஸ்ட் 15 அசாம் ஒப்பந்தப்படி 1971 மார்ச் 25 அன்றோ அதற்குப் பிறகோ வந்தவர்கள் வெளியேற்றப்பட வேண்டியவர்கள்.

இனி என் சொந்த அனுபவம். 1990களின் நடுவில் கீழ் அசாமில் ஒரு மண் வேலைக்கு நான் மேற்பார்வை. ரயில் பாதைக்குக் கரை உயர்த்த வேண்டும். பக்கத்து மேட்டில் மண் வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டு வந்து கொட்டுவார்கள். காண்ட்ராக்டர் முதலில் அருகில் உள்ள கிராமங்களிலிருந்து ஐம்பது பேரை எடுத்தார். போடோக்களும் ராஜ்பன்ஷிகளும். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் அவர்கள் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். ஒன்று, பதிவேட்டில் என்ன கூலி எழுதியிருக்கிறதோ அது கைக்கு வர வேண்டும். இரண்டு, மேட்டை மேலிருந்து படிப்படியாகத்தான் வெட்டுவோம், அடியில் குடைய மாட்டோம். அடியில் குடைந்தால் மேலே உள்ள மண் தானாக விழும். வேலை சீக்கிரம் ஓடும். ஆள் மேலேயும் விழும். அவர்கள் சொன்னதுதான் சரி என்பதை நான் டிப்ளமோவில் படித்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் அவர்களைக் காணோம். ஒரு சர்தார் புதிதாக நாற்பது ஆட்களை லாரியில் கொண்டு வந்து இறக்கினார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிலர் துப்ரி பக்கத்து ஆற்றுத் திட்டுகளில் வெள்ளத்துக்கு நிலத்தையும் காகிதத்தையும் சேர்த்துப் பறிகொடுத்த நம் நாட்டுக்காரர்களாகவும் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. காண்ட்ராக்டருக்கும் அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. காகிதம் இல்லாத ஆள் என்பதே அவருக்குப் போதுமானது. கூலி மூன்றில் ஒரு பங்கு குறைவு. மஸ்டர் ரோலில் பழைய ஆட்களின் பெயர், முழுக் கூலி. எதிரே கைநாட்டு மட்டும் புது ஆட்களுடையது. கூலி பட்டுவாடா செய்யும்போது துறை சார்பில் ஒருவர் உடன் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அப்போது இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அந்த ஒருவர் நான். வேலை முடிய வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆட்கள் அடியில் குடைந்தார்கள். முடியாது என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. சொன்னால் போலீசுக்கு ஒரு வார்த்தை போதும் என்று சர்தார் சொல்லி வைத்திருந்தார். ஒரு மாலை மண் சரிந்து ஓர் ஆளின் இரண்டு காலும் நசுங்கிவிட்டன. 1923-லிருந்தே தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இருந்தது. ஆனால் மஸ்டர் ரோலில் அவர் பெயர் இல்லையே! காகிதப்படி அவர் அங்கே வேலை பார்க்கவே இல்லை. காண்ட்ராக்டர் கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து அன்று இரவே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது.

இந்தச் சம்பவத்தில் லாப நஷ்டத்தைப் பாருங்கள். காண்ட்ராக்டருக்கு லாபம். சர்தாருக்குக் கமிஷன். வேலை குறித்த தேதியில் முடிந்ததால் எனக்கும் நல்ல பெயர். நஷ்டம் யாருக்கு? காலிழந்தவருக்கு. அவருக்கு அடுத்தபடியாக, சரியான கூலியும் பத்திரமான வேலையும் கேட்ட குற்றத்துக்காகப் பிழைப்பை இழந்த அந்தக் கிராமத்து ஐம்பது பேருக்கு. அதோடு முடியவில்லை. அடுத்த டெண்டரில் இந்தக் காண்ட்ராக்டர் குறைந்த விலை போட்டார். ஒழுங்காகக் கூலி கொடுக்கிற காண்ட்ராக்டரால் அந்த விலைக்குப் போட முடியாது. அவரும் இதே வழிக்கு வர வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். இப்படித்தான் அடிமட்டக் கூலி கீழே இறங்குகிறது. ஆள் கூடியதால் மட்டும் இறங்குவதில்லை. வாய் திறக்க முடியாத ஆள் கிடைப்பதால் இறங்குகிறது.

கிராமத்து ஆட்களின் கோபம் புதிதாக வந்தவர்கள் மேல்தான் திரும்பியது. காண்ட்ராக்டர் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அந்த மாதிரிக் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதே அசாம் 1983 பிப்ரவரியில் நெல்லியில் பார்த்தது. ஒரே நாளில் அரசுக் கணக்குப்படியே 2,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

என் ஒரு சைட்டை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்லலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த விஷயத்தை மிகவும் ஆராய்ந்திருக்கிற நாடு அமெரிக்கா. 1980-இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். மயாமி நகரத்தின் உழைப்பாளர் தொகை திடீரென்று 7 சதவிகிதம் கூடிற்று. கூலி தரைமட்டம் ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்டு என்ற பொருளாதார நிபுணர் 1990-இல் கணக்குப் பார்த்து, உள்ளூர்க் கூலி பெரிதாக மாறவே இல்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற நிபுணர் அதே புள்ளிவிவரங்களை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்து, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி நன்றாகவே குறைந்தது என்றார். சர்ச்சை தீரவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது சமுதாயத்தின் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குத்தான். காபி குடித்துக்கொண்டு பேசிய நம்மில் யாருடைய சம்பளமும் இதனால் குறையவில்லை. நமக்கு மலிவாக வீட்டு வேலையும் மலிவாகக் கட்டிய ஃபிளாட்டும்தான் கிடைத்தன.

சரி, எல்லோரையும் அனுப்பிவிட்டால் உள்ளூர்க் கூலி உயருமா? அதையும் அமெரிக்கா செய்து பார்த்தது. மெக்சிகோ விவசாயக் கூலிகளை அனுமதியோடு கொண்டு வரும் 'பிராசெரோ' திட்டம் 1942 முதல் 1964 வரை இருந்தது. அமெரிக்கக் கூலிகளுக்கு நல்லது செய்கிறோம் என்று அதை நிறுத்தினார்கள். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதனால் உள்ளூர்க் கூலி உயரவில்லை என்று காட்டியது. பண்ணைக்காரர்கள் தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினார்கள். சில பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். அதற்கு மாறாக, 1986-இல் ஒரு சட்டம் செய்து, காகிதம் இல்லாமல் இருந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். அப்படிப் பெற்றவர்களின் கூலி உயர்ந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆள், அதே கை. காகிதம் வந்ததும் பேரம் பேசும் தைரியம் வந்தது.

நண்பர் சொன்ன மற்ற குறைகளையும் பார்த்துவிடலாம். வரி கட்டவில்லை என்கிறார். வருமான வரி கட்டும் அளவுக்கு அவர்கள் சம்பாதிப்பதில்லை. ஆனால் சோப்பு வாங்கினாலும் செல்போன் ரீசார்ஜ் செய்தாலும் ஜி.எஸ்.டி. அவர்களிடமும் வசூலாகிறது. கட்டாமல் போகிற பெரிய தொகை வேறு. ஆளைக் கணக்கில் காட்டாத முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் இவற்றின் மேல் பாரம் கூடுகிறது என்பது உண்மை. அந்தப் பாரம் அவர்கள் குடியிருக்கும் ஏழைப் பேட்டைகளில்தான் விழுகிறது. சம்பாத்தியத்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்கள் 2022-இல் மட்டும் இந்தியாவுக்கு அனுப்பியது 11,000 கோடி டாலருக்கு மேல். நாம் அதைப் பெருமையாகத்தானே பேசுகிறோம்? 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று, அனுமதி இன்றி அங்கே இருந்த 104 இந்தியர்களை விலங்கிட்டு அமிர்தசரசில் கொண்டு வந்து இறக்கியபோது நமக்கு வலித்ததே, அதையும் மறக்க வேண்டாம்.

அசாம் மக்களின் குறை கூலியோடு முடிவதில்லை. நிலம் போகிறது, மொழி சிறுபான்மை ஆகிறது என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அது நியாயமான அச்சம். பழங்குடி நிலம் வெளியாருக்குப் போகாமல் தடுக்க 1947-லேயே அங்கே சட்டத் திருத்தம் செய்து பாதுகாப்புப் பகுதிகள் வகுத்தார்கள். அதைக் கண்டிப்பாக அமல் செய்வதுதான் அதற்கு மருந்து. கூலிக் கணக்கு அந்தக் காயத்தை ஆற்றாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தில்லியிலும் குருகிராமிலும் உட்கார்ந்து ஆளைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது வேறு. 2025 ஜூலையில் குருகிராமில் சோதனை நடந்தபோது என்ன ஆயிற்று? வங்காளம் பேசுகிறவர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். அவர்களில் மேற்கு வங்கத்தையும் அசாமையும் சேர்ந்த இந்தியக் குடிமக்களும் இருந்தார்கள். அடுக்குமாடி வீடுகளில் வேலைக்கு ஆள் இல்லை. குப்பை எடுக்க ஆள் இல்லை. பேசுகிற மொழியை வைத்து ஆளை எடைபோட்டால் இதுதான் நடக்கும். 1966-க்குப் பிறகு பம்பாயில் தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று ஏச்சு வாங்கியது நமக்குத் தெரியாததா? நாம் சொந்த நாட்டுக் குடிமக்கள், அதனால் அரசியல் சட்டம் நமக்குத் துணை நின்றது. அப்படி இருந்தும் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம்மவர்களே 2025 ஜூன் 1 அன்று ஜங்புரா மதராசி கேம்ப்பில் பார்த்தார்கள். இடிக்கப்பட்ட 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். மற்றவர்களும் தமிழர்கள்தான், அங்கேயே பல வருடம் வாழ்ந்தவர்கள்தான்.

பின் என்னதான் செய்வது? நான் எழுதப் படித்தவன், சட்டம் படித்தவன் அல்ல. சைட் வேலை பார்த்தவனுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில், சோதனையைக் குடிசையில் ஆரம்பிக்காமல் மஸ்டர் ரோலில் ஆரம்பிக்க வேண்டும். வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும், அவர் யாராக இருந்தாலும், ஒரே கூலி, விபத்துக்கு ஒரே நஷ்ட ஈடு. கணக்கில் காட்டாத முதலாளிக்குத் தண்டனை. காகிதம் இல்லாத ஆள் மலிவு இல்லை என்று ஆகிவிட்டால், பாஷையும் இடமும் தெரிந்த உள்ளூர் ஆளை விட்டு எந்தக் காண்ட்ராக்டரும் லாரி அனுப்ப மாட்டார். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குறைந்தபட்சக் கூலி எல்லாத் தொழிலுக்கும் உண்டு என்பது அதில் நல்ல அம்சம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 ஆட்கள் இருந்தாலே பொருந்தின. இப்போது 50 ஆட்கள் வேண்டும். என் சைட்டில் இறங்கியவர்கள் நாற்பது பேர்.

இரண்டாவது, பருவ வேலைக்கு வந்து போகிறவர்களுக்கு எண்ணிக்கை வரம்போடு, தேதி குறித்த அனுமதிச் சீட்டு. கதவைத் திறந்தால் எல்லோரும் வருவார்களே என்பீர்கள். வங்கதேசம் பழைய வங்கதேசம் இல்லை. ஆயத்த ஆடைத் தொழிலில் அவர்கள் வளர்ந்த வளர்ச்சியில், தலா உற்பத்தியில் டாலர் கணக்குப்படி அந்த ஆண்டு இந்தியாவைச் சற்றே முந்துவார்கள் என்று சர்வதேச நிதியம் 2020 அக்டோபரில் மதிப்பிட்டது. எல்லையின் நீளம் 4,096 கிலோமீட்டர். ஆறும் திட்டுமாக இருக்கிற அதை வேலியால் மட்டும் அடைத்துவிட முடியாது. பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டவரைத்தான் தேதி முடிந்ததும் பெயர் சொல்லித் திருப்பி அனுப்ப முடியும்.

மூன்றாவது, வெளியேற்ற வேண்டியவர்களை விசாரித்து, மேல்முறையீட்டுக்கு வாய்ப்புக் கொடுத்து, மரியாதையாக அனுப்ப வேண்டும். இரவோடு இரவாக லாரியில் ஏற்றுவது என் காண்ட்ராக்டர் செய்த வேலை. சர்க்கார் அதைச் செய்யக் கூடாது.

கடைசியாக நம் வீட்டுக் கணக்கு. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்யும் அம்மாள் மால்டா பக்கத்துக்காரர் என்று சொல்கிறார். அன்றைய கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, அவருக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளத்தையும், அதே மாடியில் கடுவாலிலிருந்து வந்த பெண்ணுக்கு அடுத்த வீட்டார் கொடுப்பதையும் என் மனைவியிடம் விசாரித்தேன். நாங்கள் 800 ரூபாய் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த மாதத்திலிருந்து சரி செய்துவிட்டோம். வாசகர்களும் தங்கள் வீட்டில் ஒரு முறை விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அவசியம் எழுதுங்கள். அந்த நண்பரும் எழுதினால் மிகவும் மகிழ்வேன்.